கண்ணாடியை ஏற்றிவிட்டு

மழை படுக்கைவாட்டில் பெய்யும் ஊர் இது.
ஃபரோ தீவுகளில் மைதானம் என்பது
மலைக்கும் கடலுக்கும் நடுவே
யாரோ விட்டுவைத்த துண்டுப் பச்சை.
கோட்டோரம் கார்களை மூக்கு முட்ட நிறுத்தி
உள்ளேயிருந்தே பார்ப்போம்.
கைதட்டினால் கேட்காது.
கோல் விழுந்தால் ஹாரன்.

ஹெரால்வூரின் பழைய வோல்வோவில் நாங்கள் நால்வர்.
அவன் பக்கத்தில் பியாத்துர்,
மீன் ஆலையில் என்னோடு இரண்டாம் ஷிப்ட்.
பின்னால் என்னோடு மார்யுன் டீச்சர், மடியில்
ஏழாம் வகுப்பின் இருபத்தொரு விடைத்தாள்கள்.
எங்கள் இருவருக்கும் நடுவே பிளாஸ்க்,
ரிப்பேருக்கு எடுத்துவந்து எட்டு நாளாய்
ஹெரால்வூர் இறக்காத வாஷிங் மெஷின் மோட்டார்.

ஆட்டம் தொடங்கி நாலு நிமிடம்
ஆட்டத்தைப் பற்றிப் பேசினோம்.

பிறகு சுரங்கப்பாதை.
கடலுக்கடியில் தோண்டலாம் என்று வாக்களித்தவன் பியாத்துர்.
கூடவே கூடாது என்றவன் ஹெரால்வூர்.
இருவரும் இன்று இதே காரில்
அதன் வழியாகத்தான் வந்தார்கள்.
சுங்கம் யார் கட்டுவது என்பதில் மட்டும்
இன்னும் வாக்கெடுப்பு முடியவில்லை.

ஐம்பத்துச் சொச்சம் ஆயிரம் பேர் உள்ள தேசம்.
மந்திரியைத் திட்டினால்
அவருடைய சித்தி அடுத்த காரில் இருக்கிறாள்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் திட்டவேண்டும்.
ஏற்றினோம்.
திட்டத் திட்ட மூச்சு படிந்து
ஆட்டம் மங்கலாயிற்று.

மார்யுன் சிவப்புப் பேனாவைக் கடித்தபடி சொன்னாள்:
"முக்கால் பெரிதா, ஐந்தில் நாலு பெரிதா என்று கேட்டேன்.
ஒருத்தி எழுதியிருக்கிறாள்,
யார் பங்குபோடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது."
அரை மதிப்பெண் போட்டாள்.
முழுசாய்ப் போடு என்றோம் மூவரும்,
ஒரு தேர்தலிலும் ஒத்துப்போகாத மூவரும்.

அப்புறம் முழங்கையால் ஒரு வட்டம் துடைத்து
கோல்கீப்பரைக் காட்டினாள்.
"ஸ்வெய்னுர். மூன்று வருஷம் என் வகுப்பு.
பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காதவன்.
நான் செய்யாததில்லை.
நாடகத்தில் போட்டேன், முதல் பெஞ்சில் போட்டேன்,
அம்மாவை வரச்சொல்லி அவளையும் அழவைத்தேன்."
வெளியே அவன்
தடுப்பாட்டக்காரர்களைப் பெயர் சொல்லி,
அவர்கள் வம்சம் சொல்லி,
தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான்.
காற்றையும் கண்ணாடியையும் மீறி
எங்களுக்கே கேட்டது.
"அந்த வார்த்தையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததில்லை" என்றாள்.
பிறகு நெடுநேரம் பேனா தாளைத் தொடவில்லை.

பேச்சு மோட்டாருக்கு வந்தது.
உதிரிபாகம் டென்மார்க்கிலிருந்து வரணுமாம்.
"துணியைக் கொண்டுவா, என் வீட்டில் துவைத்துக்கொள்" என்றான் பியாத்துர்,
"சுரங்கத்துக்கு எதிராக வாக்களித்தவன் சட்டை
வெளுக்குமா தெரியாது."
ஹெரால்வூர் சிரித்தான்.
மார்ச்சுக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.
ஒருவர் துணியை ஏன் அவன் இவ்வளவு நாள் சேர்த்தான் என்று
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
கேட்காமல் இருக்கத்தானே பந்து.

திடீரென்று வலப்பக்கம் ஒரு ஹாரன்.
இன்னொன்று. பிறகு ஆறேழு.
ஹெரால்வூர் உள்ளங்கை பதித்து அழுத்தினான்,
எடுக்கவேயில்லை.
பியாத்துர் பின்னால் எட்டி என் கழுத்தைக் கட்டிக்கொள்ள
மோட்டார் என் காலில் விழுந்தது.

கண்ணாடியை இறக்கினோம்.
நடுவட்டத்தில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தவர்கள்
எதிரணி.
ஹாரன் அடித்தவை எதிரூர்க் கார்கள்,
மற்றும் நாங்கள்.
ஸ்வெய்னுர் வலையிலிருந்து பந்தை எடுத்தான்,
வாய் மூடி.
மந்திரியின் சித்தி எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்யுன் கதவைத் திறந்து மழையில் இறங்கினாள்.
கைகளைக் குவித்து ஏதோ கத்தினாள்.
அவனும் திரும்பி ஏதோ கத்தினான்.
நல்ல வார்த்தையாக இருந்திருக்காது,
சிரித்துக்கொண்டு வந்து ஏறினாள்.
அதற்குள் பாதித் தாள்கள் நனைந்திருந்தன.
டாஷ்போர்டில், ஹீட்டர் முன்னால்,
ஒவ்வொன்றாய்ப் பரப்பி வைத்தோம்.
இரண்டாம் பாதி முழுவதும்
ஏழாம் வகுப்பின் பின்னங்களுக்கு இடையிலிருந்த
சந்துகள் வழியாகத்தான் பார்த்தோம்.